வியர்வை ஒருவனுக்கு, கூலி இன்னொருவனுக்கா?

சகோதரனே! நிதானமாகக் கணக்குப் பார்!

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர் நிக் சாபனுக்கு 2023இல் சம்பளம் ஒரு கோடி டாலருக்கும் மேல்! களத்தில் எலும்பு முறிய ஆடிய மாணவனுக்கோ, 2021 வரை தன் பெயரை வைத்து விளம்பரத்தில் ஒரு காசு சம்பாதிக்கவும் தடை!

இங்கே? கல்லூரி அணிக்குப் போகும் பையனை முதலில் ஓட வைப்பவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2012இல் தமிழக அரசு நியமித்த பகுதிநேர ஆசிரியருக்கு மாதம் 5,000 ரூபாய். 2023இல் உயர்த்தி அறிவித்ததும் 12,500தான். மே மாதத்தைச் சம்பளமே இல்லாமல் தள்ளினார்கள்! இருக்கன்குடி ஆற்று மணலில் ஓடும் பையனை யார் கவனிப்பது?

வியாபாரிகளே! போட்டிக் கோப்பைக்கும் பேனருக்கும் அள்ளித் தருகிறீர்கள். அதில் பாதியை ஊர்ப் பயிற்சியாளரின் மாதக் கூலியாக்குங்கள்! இளைஞனே, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்தக் கணக்கைக் கேள்!