கால் வலிக்கிறது என்று சொல்வதற்கு

துணிக்கடை விற்பனைப் பெண்கள் நிற்கும் விதத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். வலது காலிலிருந்து இடது காலுக்கு, திரும்ப வலது காலுக்கு என்று பாரத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சேலை அடுக்கிய அலமாரியில் இடுப்பைச் சாய்ப்பார்கள். மேற்பார்வையாளர் தலை தெரிந்ததும் நிமிர்வார்கள். கவுண்டருக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைக் குளிர்ந்த தரையில் அழுத்துவார்கள்.

இவர்கள் உட்காருவதற்குத் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021 செப்டம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. அந்த ஆண்டு செய்தியைப் படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. தொழிற்சாலைக்கு இதே விதியை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். கடைக்கு வந்து சேர எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சமீபத்தில் ஒரு பெரிய கடையின் மூன்றாவது மாடியில், கூட்டம் இல்லாத ஒரு மதிய நேரத்தில், சேலை எடுத்துக் காட்டிய பெண்ணிடம் “ஏம்மா, உட்கார்ந்துதான் காட்டேன்” என்றேன். மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ஸ்டூல் இருக்குக்கா. உக்காந்தா ஃப்ளோர் மேனேஜர் கேப்பாரு. கால் வலிக்குதுன்னு சொன்னா, அப்ப ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாம்பாங்க. போனவங்களத் திரும்பக் கூப்பிட மாட்டாங்கக்கா.”

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். மத்தியானம் சாப்பாட்டோடு குடிப்பதோடு சரி என்றாள். கழிப்பறை மேல்மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு. போய்விட்டு வர ஆகும் நேரத்தில் ஒரு விற்பனை பக்கத்து கவுண்டருக்குப் போய்விடும்; இன்சென்டிவும் அதோடு போய்விடும்.

சட்டம் ஸ்டூலை வாங்கி வைத்துவிட்டது. ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரியும் ஸ்டூலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடலாம். உட்காருவதற்கு அந்தப் பெண் முதலில் தன் உடம்பைப் பற்றி வாய் திறக்க வேண்டியிருக்கிறது. அப்படித் திறந்தால் வேலை போகும் என்ற பயம் இருக்கும் வரை ஸ்டூல் மூலையில்தான் கிடக்கும். நியாயமான வேலை என்பதற்குச் சம்பளத்தையும் நேரத்தையும் மட்டும் அளவுகோலாக வைப்பது எனக்கு இனிப் போதாது. வலிக்கிறது என்று ஒரு தொழிலாளி பயமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதையும் நான் கேட்பேன்.

அசையாமல் நிற்பதால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். காலிலிருந்து இரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிய வேண்டும். நடக்கும்போது அது நடக்கிறது. நின்ற இடத்திலேயே நிற்கும்போது இரத்தம் கீழேயே தேங்கி, சிரைகளின் சுவரை அழுத்துகிறது. இரத்தம் பின்னோக்கி இறங்காமல் தடுக்கும் சின்னச் சின்ன அடைப்பிதழ்கள் நாளடைவில் தளர்ந்துபோகின்றன. அதற்குப் பிறகுதான் முழங்காலுக்குப் பின்னாலும் கெண்டையிலும் நீலமாக முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்வது இதைத்தான். பரம்பரையும் பிரசவமும்கூட இதற்குக் காரணமாகலாம். ஆனால் மணிக்கணக்கில் நிற்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. கவனிக்காமல் விட்டால் கணுக்கால் வீங்கும், தோல் கறுக்கும், சிலருக்கு ஆறாத புண்ணாகும். தண்ணீரைக் குறைத்து சிறுநீரையும் அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும், கல் வரும்.

இதையெல்லாம் அவர்கள் ஏன் வீட்டில்கூடச் சொல்வதில்லை? வேலை போகும் என்பது ஒன்று. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து, கடை கொடுத்த விடுதியில் தங்கி, தங்கையின் படிப்புக்குப் பணம் அனுப்பும் பெண்கள் இவர்களில் பலர். வேலை போனால் தங்குமிடமும் போகும். இன்னொன்றை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்குக் காலில் நரம்பு முடிச்சு என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்வார்கள். வெளியே சொல்லாதே என்பார்கள். முதலாளியின் லாபத்துக்கு இந்த வாயடைப்பு எவ்வளவு தோதாக இருக்கிறது என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பெண்களோடு இது நிற்கவில்லை. எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலருக்குச் சர்க்கரை நோய். அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டும்; பாதத்தில் புண் வந்தால் சீக்கிரம் ஆறாது. “சுகர்னு தெரிஞ்சா ஏஜென்சில ஆள மாத்திருவாங்கம்மா, யார்ட்டயும் சொல்லாதீங்க” என்றார். இதே குடியிருப்பில் கணினி முன் வேலை பார்க்கும் இளைஞர்கள் முதுகு வலி என்றதும் அலுவலகமே நல்ல நாற்காலி வாங்கிக் கொடுக்கிறது. கொடுக்கட்டும், அதில் தவறே இல்லை. உடம்பைப் பற்றிப் பேசும் சுதந்திரம்கூடச் சம்பளத்துக்கு ஏற்றபடிதான் கிடைக்கிறது என்பதுதான் தாங்க முடியவில்லை.

பேசி ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைகளில் கழிப்பறை இல்லாமல் பெண்கள் படும் பாட்டைத் தெருவில் நின்று பேசினார். சக பெண்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் கழிப்பறை, அடுத்தது இருக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். உட்காரும் உரிமைக்காகவே நடந்த அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு, 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டம் அதற்கு அடுத்து வந்தது. சிறுநீர் கழிக்க இடமில்லை என்று பத்து பேர் முன்னால் முதன்முதலாகச் சொல்ல அந்தப் பெண்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! அந்தத் துணிச்சலின் பலனைத்தான் தியாகராய நகரிலும் மதுரையிலும் நாம் சட்டமாக வாங்கிக்கொண்டோம்.

ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காது என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நம் பெயரைச் சொல்லித்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள் என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த முறை பில் போடும்போது, உங்கள் ஊழியர்களை உட்கார விடுங்கள் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டு வாருங்கள். அந்தப் பெண்ணிடம் சொல்லி அவளைச் சங்கடத்தில் மாட்ட வேண்டாம்.

அதே 1947ஆம் ஆண்டுச் சட்டம், கடை ஊழியருக்கு வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பும் தருகிறது. எத்தனை கடைகளில் ஊழியர்களுக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது? இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் நோயில் படுத்தால் ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதுவே வேலையால் வந்த பாதிப்பு என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம். ஆனால் நின்று நின்று சிரை புடைப்பது தொழில்சார் நோய்ப் பட்டியலில் இல்லை. ஈயம், பாதரசம், பஞ்சுத் தூசி எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. கடைத் தரையில் நின்ற கால்கள் ஏறவில்லை. வலியை யாரும் சொல்வதில்லை, அதனால் யாரும் எண்ணுவதில்லை, எண்ணாதது பட்டியலுக்குப் போவதில்லை.

தொழிலாளர் துறைக்கு ஒரு கோரிக்கை. ஆய்வுக்குப் போகும்போது ஸ்டூல்களை எண்ணுவதோடு, முதலாளியும் மேற்பார்வையாளரும் இல்லாத ஓர் அறையில் ஒரு பெண் மருத்துவரை உட்கார வைத்து, அந்தக் கடையின் ஊழியர்கள் ஒவ்வொருவருடைய காலையும் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். அந்த எண்ணிக்கையைச் சட்டமன்றத்தில் வையுங்கள்.