எதிரணியும் நம் விருந்தினரே



சென்ற ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும், சென்னைக் கல்லூரி ஒன்றில் பயிலும் நம் பங்கு இளைஞன் ஒருவன் என்னைக் காண வந்தான். "தோத்திரம் சாமி" என்று சொல்ல வாய் திறந்தான். வெறும் காற்றுத்தான் வந்தது. காய்ச்சலோ என அஞ்சி வினவினேன். உடன் நின்ற அவன் தாயார், "காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை சாமி. காலேஜில் பந்தாட்டம் பார்த்துக் கத்திவிட்டு வந்திருக்கிறான்" என்றார்.

மகனின் முகமோ மலர்ந்திருந்தது. கரகரத்த குரலில் நடந்ததைச் சொன்னான். அவர்கள் கல்லூரி வளாகத்திலேயே கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டி. ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாத வேளை. எதிரணிக்கு இரண்டு தனி எறிவுகள் கிடைத்தன. இவனும் தோழர்களும் பலகைக்குப் பின்னால் நின்று எழுப்பிய கூச்சலில் இரண்டுமே தவறின. "அந்த ஆட்டத்தை ஜெயித்தது நாங்கள்தான் சாமி!" என்று முடித்தான்.

நானும் சிரித்து, அவனை ஆசீர்வதித்து அனுப்பினேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தைச் சொல்லுமுன், இவ்வாட்டத்தைக் கண்டிராத பெற்றோருக்காகச் சில சொற்கள்.

கூடைப்பந்து முரட்டுத்தனத்தைக் குறைப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட ஆட்டம் என்றால் வியப்பாயிருக்கும். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இதனை வகுத்தார். அவர் இறையியல் பயின்றவர். குளிர்காலத்தில் அறைக்குள் அடைபட்டு முரண்டு பிடித்த 18 மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ள இடமிருக்கக் கூடாது என்று எண்ணிய அவர், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது என விதித்தார். பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளையும் எழுதி வைத்தார். தமிழகத்தில் இதனைப் பரப்பியதில், 1920-இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. இன்று சென்னை இலயோலாக் கல்லூரியில், அதனை 1925-இல் நிறுவிய பெர்ட்ராம் அடிகளாரின் பெயரால் போட்டிகள் நடக்கின்றன. கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பைக்கான போட்டி புகழ் பெற்றது. பெரியகுளம் போன்ற சிற்றூரிலும் கோடையில் இவ்வாட்டத்தைக் காண மக்கள் திரளுகின்றனர்.

இவ்வாட்டத்தில் பார்வையாளருக்கு மற்ற ஆட்டங்களில் இல்லாத ஓர் ஆற்றல் உண்டு. கிரிக்கெட் மைதானத்தில் மட்டையாளர் எங்கோ நிற்க, நாம் எங்கோ அமர்கிறோம். கூடைப்பந்துக் களமோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமுமே உடையது. கோட்டை ஒட்டி நிற்பவனுக்கு ஆட்டக்காரனின் மூச்சிரைப்பும் கேட்கும். அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஆட்டக்காரனுக்குக் கேட்கும். அதிலும் தனி எறிவின்போது ஆட்டமே நின்றுவிடுகிறது. பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவில் ஒருவன் தனியே நிற்கிறான். அவனுக்கு ஐந்து விநாடிகளே உண்டு. அவனை யாரும் தடுக்க முடியாது. கூட்டத்தின் குரல் ஒன்றே அவனைத் தடுக்க முயலும்.

சொந்தக் களத்தில் ஆடும் அணி மிகுதியாக வெல்வது எல்லா நாட்டாரும் கண்ட உண்மை. 2020-இல் கொள்ளைநோயின் காரணமாக ஆளில்லா அரங்குகளில் ஆட்டங்கள் நடந்தபோது, ஐரோப்பியக் கால்பந்தில் இச்சாதகம் குறைந்ததை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஆகவே, "நாங்கள்தான் ஜெயித்தோம்" என்று நம் இளைஞன் சொன்னது வெறும் வீம்பன்று. கூட்டத்தின் குரலுக்கு உண்மையிலேயே வலிமை உண்டு. வலிமை உள்ள இடத்தில் பொறுப்பும் இருக்க வேண்டுமன்றோ?

இப்பொழுது என் கதைக்கு வருகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், குருமாணவனாக இருந்துகொண்டே நகரக் கல்லூரி ஒன்றில் பட்டப்படிப்புப் படித்தேன். ஒரு மாலை எங்கள் களத்திற்கு ஒரு சிற்றூர்க் கல்லூரியின் அணி வந்தது. அவர்களுள் மெலிந்த பையன் ஒருவன் மிக நன்றாக ஆடினான். அவன் காலணியில் ஒன்று வாய்பிளந்திருந்தது. அதனைச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தான். இறுதிக் கட்டத்தில் அவனுக்கு இரண்டு தனி எறிவுகள் கிடைத்தன. நாங்கள் ஒரு புள்ளி முன்னணியில் இருந்தோம். களம் அமைதியாயிற்று. அந்த அமைதியில் என் வாயிலிருந்து, "டேய், கயிறு அவிழுது!" என்ற சொல் பாய்ந்தது. கூட்டம் சிரித்தது. மறுகணம் நூறு குரல்கள், "கயிறு! கயிறு!" என்று முழங்கின. அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். இரண்டு எறிவுகளும் தவறின. நாங்கள் வென்றோம். தோழர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

இருட்டிய பின் குழாயடிக்குச் சென்றேன். அந்தப் பையன் அங்கே கால் கழுவிக்கொண்டிருந்தான். குரல் என்னுடையதென்று அவன் அறியான். என் சட்டைப்பையில் குத்தியிருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "பிரதர், பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போகவேண்டும்?" என்று கேட்டான். குருமாணவரை மக்கள் அழைக்கும் வழக்கமான சொல்தான் அது. ஆயினும் சகோதரன் என்னும் அதன் பொருள் அன்றுதான் என் நெஞ்சில் தைத்தது. கையை நீட்டி வழி காட்டினேன். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. கயிறு கட்டிய காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் நடந்து போனான். அதற்குப் பிறகு நான் அவனைக் கண்டதில்லை.

கூட்டம் திருந்துமா என்று கேட்பீர்கள். திருந்தியதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரியும் பல ஆட்டங்களைத் தன் சொந்த அரங்கில் ஆடும். வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தின் அரங்கு 1940-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 9,300 பேரே அமரக்கூடியது. மாணவர்கள் களத்தை ஒட்டி நின்றபடியே ஆட்டம் முழுவதையும் காண்பர். பெரிய ஆட்டங்களுக்கு இடம்பிடிக்க, நாள்கணக்கில் வெளியே கூடாரமடித்துத் தங்கும் வழக்கமும் 1986 முதல் அங்கு உண்டு. 1984 சனவரியில் அம்மாணவர்கள், வந்திருந்த அணியின் ஆட்டக்காரர் ஒருவரை, அவர்மீது எழுந்திருந்த குற்றச்சாட்டைச் சுட்டி இழிவுபடுத்தினர். பொருள்களையும் களத்தில் வீசினர்.

பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்டு முன்னர் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். நினைத்திருந்தால் தண்டித்திருக்கலாம். அவரோ மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆபாசமின்றி, அறிவுக்கூர்மையோடு உற்சாகப்படுத்தக் கூடாதா என்று கேட்டு, மாமன் முறையில் கையெழுத்திட்டார். சில நாட்களில், அண்டைப் பல்கலைக்கழகமும் பரம எதிரியுமான வட கரோலினா அணி ஆட வந்தது. டியூக் மாணவர்கள் தலைக்குமேல் தேவதூதர்களைப் போல் ஒளிவட்டங்களை மாட்டிக்கொண்டு வந்தனர்! எதிரணியைக் கைதட்டி வரவேற்றனர். நடுவரின் தீர்ப்புப் பிடிக்காதபோது வசைபாடாமல், தங்கள் கருத்து வேறு என்று பணிவாக முழங்கினர். அன்று டியூக் தோற்றது; ஆனால் அந்த ஒளிவட்டங்களை அந்நாட்டார் இன்றும் நகைமுகத்தோடு நினைவுகூர்கின்றனர்.

அத்தனை தொலைவு போவானேன்? நம் செஞ்சியையே எண்ணுங்கள். 2025 சூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நம் கோட்டையைக் காண வருவோர் யாருடைய கதையைக் கேட்கின்றனர்? 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து வீழ்ந்த இளைஞன் தேசிங்கின் கதையை. அவனோடு மடிந்த நண்பன் மகபத்கானின் கதையை. வென்றவனுக்கு இங்கே பாட்டில்லை. தோற்றவனையே முந்நூறு ஆண்டுகளாகப் பாடிவருகிறோம். தேசிங்கின் அரசியின் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர் பெற்றது என்றும், அப்பெயரைச் சூட்டியவர் வென்ற நவாபே என்றும் வழிவழியாகச் சொல்லுவர். எதிரியை மதிக்கும் பாடத்தை இந்த ஊரார் வேறெங்கும் போய்க் கற்கவேண்டியதில்லை.

மறுநாள் அவ்விளைஞனை அழைத்து என் கதையைச் சொன்னேன். சற்று நேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு, "அப்படியானால் கத்தவே கூடாதா சாமி?" என்றான்.

"நன்றாகக் கத்து. ஓசையில்லாத ஆட்டம் உப்பில்லாத பண்டம். உன் அணியின் பெயரைச் சொல்லிக் கத்து. எதிரணியான் அழகாகக் கூடைக்குள் போட்டால் அவனுக்கும் கைதட்டு. அவன் நிறத்தையும், ஊரையும், சாதியையும், தாய் தந்தையரையும், கால் செருப்பையும் தொடாதே. அவன் உன் வளாகத்திற்கு வந்த விருந்தாளி" என்றேன்.

பெற்றோரே, வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். வீட்டிற்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கற்பிக்கும் நாம், களத்திற்கு வந்தவரை எப்படி நடத்துவதென்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது எதிரணியைப்பற்றி நாம் உதிர்க்கும் சொற்களையும் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர்.

விடைபெறும்போது அவ்விளைஞனிடம் இன்னும் ஒன்று கேட்டுக்கொண்டேன். ஆட்டம் முடிந்தபின் வெளியூர்ப் பையன் எவனாவது வழி கேட்டால், கையை நீட்டிக் காட்டிவிட்டு நிற்காதே. பேருந்து நிலையம்வரை அவனோடு கூடவே நடந்து போய்விட்டு வா என்றேன். சரி என்று தலையசைத்தான். குரல் இன்னும் திரும்பியிருக்கவில்லை.