பாட்டுக்குச் சீட்டா, காணிக்கையா?

கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிக் கோவிலில் ஓர் இசை மாலை நடத்தி, சேரும் பணத்தை ஏழை மாணவியரின் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு எழுந்தவுடனே எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை என்று சீட்டு விற்க வேண்டும் என்றது ஒரு கட்சி. கூடவே கூடாது என்றது மற்றொன்று. நாங்கள் இரண்டாம் கட்சி.

சீட்டுக் கட்சியாரின் வாதம் இலேசானதன்று. 1742-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹாண்டல் என்னும் இசை மேதை தமது 'மெசையா'வை முதன்முதலாக அரங்கேற்றினார். இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களுக்கும் உதவவே அந்நிகழ்ச்சி. இடம் போதாமற் போகும் என்று அஞ்சி, பெண்கள் வளையம் வைத்த அகன்ற பாவாடையை விடுத்தும், ஆண்கள் வாளை வீட்டில் வைத்துவிட்டும் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்களாம்! அந்த வசூலால் 142 கடனாளிகள் விடுதலை பெற்றனர். சீட்டு விற்றுத்தானே இது நடந்தது என்கிறார்கள். உண்மைதான். சீட்டு விற்பது பாவம் என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் டப்ளினில் பாடியது இசை மன்றத்தில். திருப்பீடத்தின் முன்னால் அன்று.

கோவிலுக்குள் நடத்துவதானால் திருச்சபை வழி காட்டியிருக்கிறது. 1987 நவம்பர் 5-ஆம் நாள், கோவில்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளைப் பற்றி உரோமையிலிருந்து ஓர் அறிவுரை வெளியாயிற்று. அனுமதி இலவசமாகவும் எல்லாருக்கும் பொதுவாகவும் இருக்க வேண்டும். பாடுவோர் பீடப் பகுதியில் நிற்கலாகாது. நற்கருணையை இயன்றவரை வேறு தகுந்த இடத்திற்கு மாற்றி வைக்க வேண்டும் என்பன அதில் உள்ளவை. சட்டத்தைக் காட்டி வாயை அடைக்கிறோம் என்று தோழியர் கோபித்துக்கொண்டனர். ஆகவே சட்டத்தை ஒரு புறம் வைத்துவிட்டு எங்கள் சொந்தக் காரணத்தைச் சொல்கிறோம்.

யாருடைய படிப்புக்காகப் பாடப் போகிறோம்? பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலி இல்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் மாணவி எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறாள். நல்ல குரல் உடையவள் என்றால் பாடகர் குழுவிலும் நிற்பாள். அவள் பாடுவதை அவளுடைய அம்மா சீட்டு வாங்கிக் கேட்க முடியுமா? அல்லது வாசலில் நின்று கேட்பதா? அவளுக்காக நடக்கும் விழாவில் அவள் வீட்டாருக்கே இடமில்லை என்றால், எவ்வளவு வசூலாகியும் என்ன பயன்? வாசலில் ஒரு தட்டு வைத்தால் போதும். நூறு ரூபாய் போடுபவரும் பத்து ரூபாய் போடுபவரும் ஒரே வரிசையில் உட்காரட்டும். பணம் குறையலாம் என்பதை மறுக்கவில்லை.

நம் ஊருக்கும் இது புதிதன்று. ஆடிக் கிருத்திகையில் ஆந்திராவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் காவடி எடுத்து வருவோர் பாடிக்கொண்டே 365 படி ஏறுகிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்க யார் சீட்டு வாங்குகிறார்கள்? முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியது இந்த மலையில்தான் என்பர். கேட்டுப் பழகிய ஊர் இது. கோவில் கதவைத் திறந்து வைத்தால் மலைக்குப் போகிறவர்களும் உள்ளே வந்து அமர்வார்கள். அவர்களுக்காகத் தெலுங்கில் இரண்டு பாட்டாவது வேண்டும்.

என்ன பாடுவது என்பதிலும் எங்களுக்குக் கருத்து உண்டு. ஆங்கிலப் பாட்டு நான்கு போதும். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை நம் கத்தோலிக்கர்தாம். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எல்லா மதத்தவரும் கச்சேரி மேடையில் பாடுகிறார்கள், நாம்தான் பாடுவதில்லை! 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் அவர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்தார்; மக்களின் துயரை இறைவனிடம் முறையிட்டும் பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே இயற்றினார். அறச்செயலுக்குப் பாட வருகிறவர்கள் இவரை விட்டுவிட்டு வேறு யாரைப் பாடுவது?

இனிச் செலவு. தர்ம நிதிக் கச்சேரிகள் பலவற்றில் பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை, மாலை, தலைமை விருந்தினருக்குச் சிற்றுண்டி என்று போனது போக மிஞ்சுவதே தர்மத்துக்கு. கச்சேரிகளால் கிடைத்த பெரும்பணத்தை நற்பணிகளுக்கே கொடுத்து 1974-இல் பொதுச்சேவைக்கான மகசேசே விருது பெற்ற எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரைப் போல நம்மால் இயலாது, பொன்னாடையையாவது விட்டுவிடலாமே. உதவி பெறும் மாணவியரை மேடைக்கு அழைத்து நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். பணத்தைத் தலைமைச் சகோதரியிடம் ஒப்படைத்தால் யாருக்கு என்பது அவருக்குத் தெரியும். வரவு செலவை மட்டும் அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எல்லாரும் அறிய வாசித்துவிட வேண்டும்.

ஒன்று பாக்கி. பாடகர் குழுவின் ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் ஒலிப்பதில்லை. பழுதுபார்க்கும் கூலியைத் தட்டுப் பணத்திலிருந்து எடுக்கலாம் என்கிறார்கள் எங்கள் கட்சியிலேயே சிலர். கூடாது, ஆளுக்குப் பத்து ரூபாய் போடுவோம் என்கிறோம் மற்றவர்கள்.