லேகியம் தின்னத் தெரியும், இடிக்கத் தெரியுமா?



ஐப்பசி வந்தாச்சு. மழையும் தீபாவளியும் சேர்ந்தே வரும். எங்க வீட்டில் அன்று எண்ணெய்க் குளியல் முடிந்ததும் முதலில் கைக்கு வருவது முறுக்கு இல்லை, ஒரு உருண்டை தீபாவளி மருந்து! முருகன் சினம் தணிந்த மலையடியில் வாழும் நமக்கு, பலகாரம் தின்ற வயிற்றின் சினத்தைத் தணிக்கவும் தெரிய வேண்டாமா?

'திரிகடுகம் எழுதியவர் யார்?' என்று கேட்டால் கை தூக்கி 'நல்லாதனார்' என்போம். சுக்கு, மிளகு, திப்பிலி என்று ஒப்பிப்போம். ஆனால் திப்பிலியைக் கையில் கொடுத்தால் 'இது என்னடா?' என்போம். நானும் போன வருஷம் வரை அப்படித்தான்.

போன வருஷம் எங்க ஆயாவுக்கு மணிக்கட்டு வலி. "இந்தத் தடவை கடையில வாங்கிக்கலாம்" என்றார். அப்பா, "நம்ம வீட்டு லேகியம் மாதிரி வருமா?" என்றார். நானும் தலையாட்டினேன். உடனே அம்மா, "அப்போ நீங்க ரெண்டு பேரும் இடிங்க" என்றார். வீடே அமைதி!

இடித்தோம். நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம அளவு, தலா 25 கிராம் வாங்கினோம். கூடவே தனியா, சீரகம், ஓமம், சித்தரத்தை. (பக்கத்து வீட்டு நகரி அத்தை சுக்கை 'சொண்டி' என்பார். பேர்தான் வேற, காரம் ஒண்ணுதான்!) ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தோம். சுக்கும் சித்தரத்தையும் கல் மாதிரி. முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும். இரும்பு உரலில் நசுக்கித்தான் அரைக்கணும். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கையில் கொப்புளம், கண்ணில் நீர், வரிசையாகத் தும்மல். பொடியைத் துணியில் சலித்து, வெல்லப்பாகில் போட்டு, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிளறி, ஆறிய பிறகு தேன் சேர்த்தார் ஆயா. இத்தனை வருஷமும் அந்தக் கை தனியாகவே இதைச் செய்திருக்கிறது. நான் தின்று மட்டும் இருக்கிறேன்.

என் கருத்து இதுதான். நேரமில்லாதவர்கள் கடையில் வாங்கினால் தப்பே இல்லை. ஆனால் 'வீட்டில் செய்வதுதான் நல்லது' என்று பேசுகிறவர்கள் உலக்கையையும் பிடிக்கணும். பெருமை நமக்கு, கைவலி ஆயாவுக்கு என்பது என்ன நியாயம்? முக்கியமாக, பையன்களே, உங்களைத்தான்!

இன்னொன்று. ஆயாவின் அளவு 'ஒரு கைப்பிடி'. அந்தக் கை இல்லாத நாளில் அளவு எங்கே போகும்? நான் நிறுத்துப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: லேகியம் நெல்லிக்காய் அளவு போதும். நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம்தான் போகணும்.

இந்தத் தீபாவளிக்கு ஆளுக்கொரு வேலை செய்வோம். இடித்துப் பார்ப்போம், பிறகு ருசித்துப் பார்ப்போம்!

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்