முயலுக்கு எந்தத் தோட்டா?

ஆஸ்திரேலியாவின் முயல் தொல்லைக்குப் பிறந்தநாள் உண்டு. 1859 டிசம்பர் 25 அன்று இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல் ஒன்று மெல்போர்னில் 24 முயல்களை இறக்கியது. விக்டோரியா மாகாணத்தின் வின்செல்சி ஊருக்கு அருகே பார்வன் பார்க் பண்ணையை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின், வேட்டையாடி மகிழ்வதற்காகத் தாய்நாட்டிலிருந்து வரவழைத்த முயல்கள் அவை. அதற்கு முன்பும் பலமுறை அங்கே முயல்கள் வந்திறங்கியதுண்டு. ஆனாலும் கண்டம் முழுக்கப் பரவிய கூட்டத்துக்கு மூலம் ஆஸ்டினின் முயல்கள்தாம் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சுடுவதற்கென்றே கொண்டுவரப்பட்ட உயிரை அந்நாட்டு உழவர்கள் இன்றுவரை சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் பயிற்சியில் பிடித்திருக்கக்கூடிய அதே பாயின்ட் 22 ரகத் துப்பாக்கிதான் அவர்களில் பெரும்பாலோர் கையில் இருக்கிறது.

நம்மூர்க் கொல்லைகளில் தென்படும் காட்டுமுயல் வேறு, இது வேறு. காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை; புதரடியில் பதுங்கிப் படுக்கும். ஐரோப்பியக் குழிமுயல் மண்ணுக்குள் பல வாசல் வைத்து வளை அமைத்துக் கூட்டமாக வாழும். சினைக்காலம் ஒரு மாதம்தான். ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் இணைசேரக்கூடியது. முளைவிடும் செடியைத் தரையோடு தரையாகக் கடித்துவிடுவதால், முயல் மிகுந்த இடங்களில் பழைய மரங்கள் சாகின்றனவே தவிர, அவற்றின் இடத்தில் புதியவை எழுவதில்லை. வேளாண்மைக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பு என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

மனிதர்கள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை 1,800 கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள். வேலை முடிவதற்குள் முயல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. 1950இல் மிக்ஸோமா வைரஸைப் பரப்பினார்கள். கோடிக்கணக்கில் செத்தன. பிழைத்தவற்றுக்கு எதிர்ப்புச்சக்தி வந்தது. 1995இல் வார்டாங் தீவில் சோதனையில் இருந்த கலிசி வைரஸ் தானாகவே தப்பி நிலப்பகுதிக்குப் பரவியது. அதற்கும் முயல்கள் மெல்லப் பழகிக்கொண்டன.

மிக்ஸோமா வந்த முயலைப் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். பார்வையிழந்து, தின்ன முடியாமல், வெட்டவெளியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சாவதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். நஞ்சு வைத்த கேரட்டும் ஓட்ஸும் தரும் சாவும் எளிதானதல்ல. இவற்றோடு ஒப்பிடும்போதுதான் துப்பாக்கிக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது: அது ஒரு நொடியில் உயிரை எடுத்துவிட முடியும். வேறு எந்த நியாயமும் அதற்கு இல்லை. எண்ணிக்கையைக் குறைப்பதில் வைரஸோடு அது போட்டியிட முடியாது, செலவிலும் முடியாது. ஆகவே முயலுக்கு எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி, அந்த ஒரு நொடியை எது உறுதியாகத் தரும் என்ற கேள்விதான். துப்பாக்கிக் கடைகளிலும் பண்ணை வீடுகளிலும் இந்தப் பேச்சு எழும்போது தூரமும் வேகமுமே முன்னால் வந்து நிற்கின்றன. ஒவ்வொருவருக்கும் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

போட்டியில் இருப்பவை ரிம்ஃபயர் வகைத் தோட்டாக்கள். தோட்டாவின் அடிவிளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து வைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் வெடிக்கும். உறை மெல்லியது, ஆகவே அழுத்தமும் குறைவு. ஒருமுறை சுட்ட உறையில் மறுபடி மருந்து அடைத்துப் பயன்படுத்த முடியாது. விலை மலிவு. சின்ன உயிர்களுக்கும் பயிற்சிக்கும் இது போதும்.

இந்தப் போட்டியில் மூத்தது, அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887இல் கொண்டுவந்த பாயின்ட் 22 லாங் ரைஃபிள். 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸின் லித்கோ ஆயுத ஆலை ஒற்றைத் தோட்டா பாயின்ட் 22 துப்பாக்கிகளைச் செய்து தள்ளியது. பண்ணைப் பிள்ளைகள் பலர் சுடப் பழகியது அதில்தான். இதிலே ஒலியின் வேகத்துக்குக் கீழே, நொடிக்குச் சுமார் 320 மீட்டரில் போகும் சப்சானிக் தோட்டா ஒன்று உண்டு. ஒலியை முந்தாததால் காற்றைக் கிழிக்கும் ‘பளீர்’ சத்தம் வராது. நியூசிலாந்தில் சைலன்சர் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பொருத்திச் சப்சானிக் தோட்டாவால் சுட்டால், பக்கத்தில் மேயும் முயல் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் சாதாரண உரிமதாரர்களுக்கு சைலன்சர் கிடையாது; அங்கேயும் சப்சானிக்கின் சத்தம் மற்றவற்றைவிடக் குறைவே.

இதன் குறை தூரம். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்த துப்பாக்கியால் 100 மீட்டரில் சுட்டால் சப்சானிக் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். முயலின் மூளையோ பெரிய கொட்டைப்பாக்கு அளவுதான். தூரத்தைப் பத்து மீட்டர் தப்பாகக் கணித்தாலும் குண்டு தலையை விட்டுத் தாடையில் படும், அல்லது வயிற்றில் படும். வயிற்றில் பட்ட முயல் விழுந்து கிடக்காது. வளைக்குள் ஓடிவிடும். அங்கே அது எத்தனை மணி நேரம் கிடந்து சாகிறது என்பது சுட்டவருக்குத் தெரியவே தெரியாது. குறி தவறிவிட்டது என்று நினைத்து அடுத்த முயலைத் தேடிப் போய்விடுவார்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 2002இல் ஹார்னடி நிறுவனம் அறிமுகப்படுத்திய பாயின்ட் 17 எச்.எம்.ஆர். பழைய பாயின்ட் 22 மேக்னம் உறையின் கழுத்தைச் சுருக்கி, 1.1 கிராம் எடையே உள்ள மெல்லிய குண்டைச் செருகினார்கள். நொடிக்கு 775 மீட்டர் வேகம். 100 மீட்டர் வரை குண்டின் பாதை ஏறக்குறைய நேர்கோடு. சுடுபவர் தூரத்தை மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. அத்தனை தொலைவிலும், பாயின்ட் 22 குழல்வாயில் வைத்திருக்கும் அளவு ஆற்றல் இதனிடம் மிச்சமிருக்கும். தாவர மறைவே இல்லாத வெட்டவெளிப் புல்வெளிகளில், ஆளைக் கண்டாலே ஓடப் பழகிவிட்ட முயல்களுக்கு இதைவிடப் பொருத்தமான ரிம்ஃபயர் இல்லை.

காற்று பற்றி இங்கே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. குண்டு இலேசானது என்பதால் பாயின்ட் 17 காற்றில் அதிகம் விலகும் என்பார்கள். ஒரே தூரத்தில் ஒப்பிட்டால் பாயின்ட் 22தான் கூடுதலாக விலகுகிறது. இன்னொரு வியப்பு: வேகம் கூட்டிய பாயின்ட் 22 தோட்டா, மெதுவாகப் போகும் சப்சானிக்கைவிட அதிகமாகக் காற்றில் தள்ளப்படும். ஒலியின் வேகத்தை ஒட்டிய நிலையில் காற்றுத்தடை சட்டென்று ஏறுவதே காரணம். அப்படியானால் பாயின்ட் 17க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? கையில் அது இருப்பவர் 50 மீட்டரில் நிறுத்திக்கொள்வதில்லை. 150 மீட்டரில் சுடுகிறார். அங்கே மிதமான பக்கக் காற்றுகூட குண்டை ஒரு சாண் தள்ளிவிடும். ஆசையின் பழி கருவியின் மேல் விழுகிறது.

1959இல் வந்த பாயின்ட் 22 மேக்னம் மூன்றாவது. நரிக்கு ஏற்றது. முயலுக்கு அத்தனை ஆற்றலும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். குறித்துல்லியமும் பெரும்பாலும் பாயின்ட் 17க்குக் கீழேதான்.

துல்லியத்துக்குச் சமமாகப் பேசவேண்டியது, குண்டு முயலைத் தாண்டி எங்கே போகிறது என்பது. பாயின்ட் 22 தோட்டாப் பெட்டிகளிலேயே ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர் தொலைவு வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். கனமும் மந்தமும் கொண்ட அந்த ஈயக் குண்டு கல்லிலோ இறுகிய தரையிலோ பட்டால் தெறித்து வேறு திசையில் பறக்கும். பாயின்ட் 17இன் மெல்லிய குண்டு பட்ட இடத்தில் பொடிப்பொடியாகச் சிதறிவிடுவதால் தெறிப்பு குறைவு. கற்பாங்கான நிலத்திலும், பக்கத்தில் மாடுகளோ வீடுகளோ இருக்கும் நிலத்திலும் இந்த ஒரு காரணத்துக்காகவே பாயின்ட் 17ஐத் தேர்ந்தெடுப்பது சரியான முடிவு. ஆனால் எந்தத் தோட்டாவுக்கும் பின்னால் ஒரு மண்மேடு வேண்டும். வானத்தை ஒட்டித் தெரியும் மேட்டு விளிம்பில் நிற்கும் முயலைச் சுடவே கூடாது.

சிதறும் குண்டுக்கும் ஒரு கேடு உண்டு. வயலில் விட்டுச்செல்லும் முயலுடலை ஆப்புவால் கழுகு கொத்தித் தின்னும். சதையில் கலந்த ஈயத்துணுக்குகள் அதன் வயிற்றுக்குள் போகும். ஈயம் இல்லாத குண்டுகள் பாயின்ட் 17க்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்காதவர் சுட்ட முயல்களைப் பொறுக்கி எடுத்துப் புதைக்கவாவது வேண்டும்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால், முயலைச் சுடப் புறப்படும் பெரும்பாலான பண்ணையாளர்களுக்குப் பழைய பாயின்ட் 22 தான் ஏற்றது. கருக்கலில் வளைகளுக்கு அருகே, ஐம்பது மீட்டருக்குள், தரையில் ஊன்றிய தாங்கியின் மேல் வைத்துச் சுடுபவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தோட்டா மலிவு என்பதை வெறும் சிக்கனமாகப் பார்க்கக்கூடாது. மலிவான தோட்டாவை வாரம் ஒரு பெட்டி சுட்டுப் பழகலாம். பாயின்ட் 17இன் விலை இரண்டு மூன்று மடங்கு. வாங்கியவர் பழகுவதில் மிச்சம் பிடிப்பார். பழகாத கைக்கு நேர்கோட்டில் போகும் குண்டாலும் உதவ முடியாது.

சட்டமும் இதற்கு ஒத்தே போகிறது. 1996 ஏப்ரல் 28 அன்று தாஸ்மானியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு ஆஸ்திரேலியா தன் துப்பாக்கிச் சட்டங்களை அடியோடு மாற்றியது. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரிம்ஃபயர் துப்பாக்கிக்கு, தேவையை நிரூபிக்கும் உழவர் போன்ற சிலர் மட்டுமே உரிமம் பெற முடியும். மற்றவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். மனிதர்களைக் காக்க வந்த சட்டம் அது. முயலுக்கும் அதில் ஒரு நன்மை உண்டு: இரண்டாவது குண்டை நம்ப முடியாதவர் முதல் குண்டுக்கு நிதானமாகக் குறிபார்ப்பார்.

துப்பாக்கியால் முயலை ஒழித்துவிடலாம் என்று நம்புபவர்கள் மக்குவாரித் தீவின் கதையைக் கேட்க வேண்டும். தாஸ்மானியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள அந்தத் தீவில் முயல்கள் மலைச்சரிவுகளின் புல்லையெல்லாம் தின்று மண்ணைச் சரியவிட்டிருந்தன. 2011இல் முதலில் கலிசி வைரஸைப் பரப்பினார்கள். பிறகு ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சுத்தீனி தூவினார்கள். அதற்குப் பிறகும் உயிரோடிருந்தவை 13 முயல்கள். மோப்ப நாய்களோடு திரிந்த வேட்டைக் குழுவினர் மாதக்கணக்கில் தேடி அந்தப் பதின்மூன்றையும் முடித்தார்கள். 2014இல் தீவு முயலற்றதாக அறிவிக்கப்பட்டது. துப்பாக்கியின் இடம் அதுதான், கடைசிப் பதின்மூன்று. பண்ணைகளிலும் வளைகளை டிராக்டரால் ஆழமாகக் கிழித்து மூடிய பிறகு எஞ்சி அலைபவற்றுக்கே சுடுவது பயன்படும். வளையை விட்டுவிட்டு வெளியே மேயும் முயலை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் ஒரு மழைக்குப் பிறகு எண்ணிக்கை பழையபடி நிற்கும். ஈனும் பருவத்தில் தாயைச் சுட்டால் வளைக்குள் கண் திறக்காத குட்டிகள் பட்டினியால் சாகும். அந்த மாதங்களில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதே முறை.

இவ்வளவு நுட்பமும் இன்று சுடுபவரின் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. கங்காருவை வணிகத்துக்காகச் சுடுபவருக்கு அப்படியில்லை. அவர் குறித்துல்லியத் தேர்வில் தேற வேண்டும், மூளையில் சுட வேண்டும், எந்தத் தோட்டா என்பதும் விதியில் இருக்கிறது. முயலைச் சுடுபவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. நல்ல வழிகாட்டுக் குறிப்புகளும் உண்டு. குறி தவறாமல் சுடுவாரா என்று யாரும் சோதிப்பதில்லை. முயல் அயல்நாட்டிலிருந்து வந்த கேடு என்பதால் அதன் வலி கங்காருவின் வலியைவிடக் குறைந்துவிடாது. தொல்லை விலங்குகளைச் சுடவென்று உரிமம் கேட்பவர்களை, அவரவர் கொண்டுவரும் துப்பாக்கியோடும் தோட்டாவோடும், ஒரு தாளில் வரைந்த ரூபாய் நாணய அளவு வட்டத்தில் ஐந்து முறை சுடச் சொல்லலாம். ஐம்பது மீட்டரில் ஐந்தும் உள்ளே விழுந்தால் ஐம்பது வரை அனுமதி. பாயின்ட் 17 வைத்திருப்பவர் நூறில் தேறினால் நூறு. ஐம்பதில் தவறுபவர் முப்பதில் தேறினால், முப்பது மீட்டருக்கு அப்பால் சுடக்கூடாது என்று அவர் உரிமத்திலேயே எழுதிக் கொடுக்கலாம்.