ஓடும் நாளில் மருந்து எதற்கு?

பந்தய நாளன்று குதிரைக்கு மருந்து கொடுக்கலாமா என்ற விவாதம் அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. ஃப்யூரோசமைடு என்னும் மருந்தே அதன் மையம். உடலில் நீர் கோத்துக்கொண்ட முதியோருக்கு நம்மூர் மருத்துவர்கள் தரும் அதே மருந்துதான். கடும் ஓட்டத்தில் குதிரையின் நுரையீரலில் இரத்தம் கசிவதை இது குறைக்கிறது. கூடவே நீரை வெளியேற்றி உடல் எடையையும் குறைக்கிறது. சிறுநீரை நீர்க்கச்செய்து பிற மருந்துகளின் தடயத்தை மறைக்கும் என்பதால் மனித விளையாட்டு வீரர்களுக்கு இது தடைசெய்யப்பட்ட பொருள். பிரிட்டனும் இந்தியாவும் பந்தய நாளில் குதிரைக்கும் இதை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவிலும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இரண்டு வயதுக் குதிரைகளுக்கும் முதன்மைப் பந்தயங்களுக்கும் தடை வந்துவிட்டது.

நோயுற்ற உயிருக்கு மருந்தை மறுப்பது கொடுமை என்கின்றனர் ஆதரிப்போர். இரக்கமுள்ள வாதமாகவே தோன்றும். ஆனால் இரத்தம் கசியும் குதிரைக்கு முதலில் வேண்டியது ஓய்வு. மருந்தூட்டி அன்றே ஓடவிடுவது பந்தயத்துக்குச் செய்யும் வைத்தியம், குதிரைக்குச் செய்வதன்று.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், அது சூதன்று, குதிரையின் ஆற்றலும் பயிற்சியும் முடிவுசெய்யும் திறன் விளையாட்டு எனத் தீர்ப்பளித்தது. வெற்றியை ஊசி முடிவுசெய்யுமானால் அத்தீர்ப்பின் அடித்தளமே ஆட்டம் காணும்.

கொங்கு நாட்டாருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நமக்கு ரேக்ளா இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் காங்கேயம் காளைகள் 200, 300 மீட்டர் தொலைவை நொடிக் கணக்கில் கடப்பதைக் காண ஊரே திரள்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தபோது, ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு மது புகட்டப்படுவதும் குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக இருந்தது. 2017இன் சட்டத் திருத்தமும் அதை ஏற்ற 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஜல்லிக்கட்டை மீட்டுத் தந்தன. காளைகளைப் பிள்ளைகளாக வளர்க்கிறோம் என்பதே அப்போது நாம் உரக்கச் சொன்ன நியாயம்.

அந்த நியாயம் மெய்யானால், சோதனையை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாமே. வெறும் கண்பார்வைக்கு இரத்தத்திலுள்ள மருந்து தெரியாது. வென்ற காளைகளின் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்த பின்னரே பரிசு உறுதியாக வேண்டும். செலவு மிகுதி என்பர். தங்கக் காசு பரிசளிக்க இயன்ற விழாக் குழுவினருக்கு இது இயலாத செலவன்று. வலியைச் சொல்ல வாயில்லாத உயிருக்கு நாம் செய்யத்தக்க குறைந்த அளவு மரியாதை இதுவே என்பது நம் கருத்து.