மன்றாட்டு பிச்சையன்று

ஞாயிறு திருப்பலியில் மறையுரையும் விசுவாச அறிக்கையும் முடிந்தபின் இறைமக்களின் மன்றாட்டு தொடங்குகிறது. ஒருவர் அச்சிட்ட தாளை எடுத்து வாசிக்கிறார். திருத்தந்தைக்காக ஒன்று, நாட்டை ஆள்வோருக்காக ஒன்று, நோயுற்றோருக்காக ஒன்று, இறந்தோருக்காக ஒன்று, பங்கு மக்களுக்காக ஒன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் நாம் ஒரே குரலில் பதில் சொல்கிறோம். மூன்று மணித்துளிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பல நூற்றாண்டுகளாக வழக்கொழிந்து கிடந்த இம்மன்றாட்டை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தின் வழியாக மக்களுக்குத் திருப்பித் தந்தது. அவ்வாறு பெற்றதை நாம் என்ன செய்தோம்? பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப்போல் வாசித்து மூடிவிடுகிறோம். கேட்டது கிடைத்ததா என்று அடுத்த ஞாயிறு எவரும் வினவுவதில்லை. என்ன கேட்டோம் என்பதே நினைவில் இராதபோது யார் வினவுவார்?

நாம் குறைவாகச் செபிக்கிறோம் என்று நான் சொல்லவில்லை. நவநாள்கள் உண்டு, செபமாலை உண்டு, திருயாத்திரைகள் உண்டு, இரவெல்லாம் விழித்திருந்து செபிக்கும் கூட்டங்களும் உண்டு. ஆயினும் துணிந்து கேட்பதை மறந்துவிட்டோம். மன்றாட்டைப் பிச்சையாகவும் பந்தயமாகவும் மாற்றிவிட்டோம். இதுவே என் குற்றச்சாட்டு.

'மன்றாட்டு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மன்று என்பது ஊரவை; வழக்குரைத்து நீதி பெறும் இடம். இன்றும் நீதிமன்றம் என்கிறோம். மன்றாடுதல் என்பதற்கு இரந்து வேண்டுதல் என்ற பொருளோடு வழக்காடுதல் என்ற பொருளும் தமிழில் உண்டு. நாம் அடிக்கடி வழங்கும் 'விண்ணப்பம்' என்ற சொல்லும் அரசு அலுவலகத்திற்கும் ஆலயத்திற்கும் பொதுவானதே. கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குச் சென்று நீதி கேட்ட கண்ணகியைக் காப்பியத் தலைவியாகக் கொண்ட மக்கள் நாம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து முறையிட்டதாகச் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்ப்பவர்கள் நாம். அத்தகைய நாம், வானகத் தந்தையின் அவையில் நிற்கும்போது மட்டும் ஏன் வாய்பொத்தி முணுமுணுக்கிறோம்?

முதல் காரணம், ஒரு புனிதமான சொற்றொடரைத் தவறாகப் பயன்படுத்துவது. "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்கிறோம். சிறுநீரகம் பழுதுபட்ட மகனுக்காகத் தாய் அழும்போது இதைச் சொல்கிறோம். குடிகாரக் கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணிடம் இதைச் சொல்கிறோம். ஆலை மூடப்பட்டு வேலை இழந்தவனிடமும் இதையே சொல்கிறோம். சொல்பவருக்கு இது எளிது, கேட்பவருக்கோ வாயடைப்பு. அவர்கள் இன்னும் கேட்கத் தொடங்கவே இல்லை. அதற்குள் தீர்ப்பை நாமே வாசித்துவிடுகிறோம். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் தந்தையின் திருவுளத்திற்குத் தம்மைக் கையளித்தார் என்பது மெய். ஆனால் துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். மூன்று முறை அதே சொற்களைச் சொல்லிச் செபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். கேட்டவர்தாம் கையளித்தார். கேளாமலே கையளிப்பவனுடைய பணிவில் பாதி சோம்பல். மறுபாதி, கேட்டுக் கிடைக்காமற் போனால் விசுவாசம் ஆட்டங்காணுமே என்ற அச்சம்.

இரண்டாவது, இதற்கு நேர் எதிரான பிழை. கிண்டியில் நெடுங்காலம் குதிரைப் பந்தயம் நடந்தது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு அத்திடலைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. பந்தயம் கட்டும் மனநிலையோ திடலுக்குள் அடங்கியதன்று. அது நம் பீடங்களின் முன்னும் மண்டியிடுகிறது. இத்தனை மெழுகுவர்த்தி, இத்தனை நவநாள், இவ்வளவு காணிக்கை. பதிலுக்கு இந்த வேலை, இந்த மாப்பிள்ளை, இந்த வெளிநாட்டு அனுமதி. முன்பு அஞ்சலட்டையில் வந்து இன்று வாட்ஸ்அப்பில் வரும் சங்கிலிச் செபங்களும் இவ்வகையே: ஒன்பது பேருக்கு அனுப்பினால் நன்மை, அனுப்பாவிட்டால் தீமை என்கின்றன. நேர்ச்சையை நான் பழிக்கவில்லை. நன்றியுள்ள இதயத்தின் நேர்ச்சை அழகானது. விலை பேசும் நேர்ச்சையையே மறுக்கிறேன். இப்பந்தயத்தில் தோற்றவனுக்கு மேடைப் போதகர் சிலர் இன்னொரு சுமையும் ஏற்றுகின்றனர்: "உன் விசுவாசம் போதாது." நோயாளி குணமானால் போதகருக்குப் புகழ், குணமாகாவிட்டால் நோயாளிக்குப் பழி. இதைவிடக் கொடிய அநீதியைச் செபத்தின் பெயரால் செய்ய முடியாது.

விடாப்பிடியான செபம் இவ்விரண்டிலும் சேராது. திருநூல் அதை எவ்வாறு காட்டுகிறது? சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதில் தொடங்கிப் பத்துவரை கேட்டுக்கொண்டே போனார். யாக்கோபு விடியுமளவும் போராடி, ஆசி பெறாமல் விடமாட்டேன் என்றார். நொண்டிக்கொண்டே சென்றாலும் ஆசி பெற்றுச் சென்றார். யோபு கடவுளோடு வழக்காடினார். அவருடைய நண்பர்கள் கடவுளின் சார்பில் பேசுவதாக எண்ணிப் பக்தி மொழிகளை அடுக்கினர். நூலின் முடிவில் கடவுள் யாரைக் கண்டித்தார்? நண்பர்களை. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே என்றார். ஆறுதல் சொல்லப் போகும் நாம் அனைவரும், குருக்கள் குறிப்பாக, அந்த இறுதி அதிகாரத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும்.

நற்செய்திக்கு வருவோம். நள்ளிரவில் அப்பம் கேட்டுக் கதவைத் தட்டும் நண்பனின் உவமையில் லூக்கா ஒரு கிரேக்கச் சொல்லை ஆள்கிறார்: 'அனாய்தேயா'. நேர்பொருள் 'வெட்கமின்மை'. நம் மொழிபெயர்ப்புகள் இதைச் சற்று மென்மையாக்கிவிடுகின்றன. நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது சென்ற கைம்பெண்ணின் உவமையில் வரும் சொல்லோ இன்னும் வன்மையானது. இவள் என்னைத் தொல்லைப்படுத்துவாள் என்று நடுவன் அஞ்சும் இடத்தில் மூலத்திலுள்ள சொல்லுக்குக் 'கண்ணுக்குக் கீழே குத்துதல்' என்பது பொருள்; குத்துச்சண்டைக் களத்துச் சொல். கானானியப் பெண்ணையும் நினைவில் கொள்ளுங்கள். சீடர்கள் அவளை அனுப்பிவிடச் சொன்னார்கள். ஆண்டவரும் முதலில் மறுமொழி கூறவில்லை. பின்னர்க் கூறிய மொழியும் கடுமையாயிருந்தது. அவள் அந்த மொழியையே பிடித்துக்கொண்டு வாதாடினாள், வென்றாள், விசுவாசத்திற்காகப் பாராட்டும் பெற்றாள். விசுவாசம் என்று ஆண்டவர் அழைத்தது அவளுடைய விடாப்பிடியை.

தொடக்கத் திருச்சபை இத்துணிவுக்கு 'பரேசியா' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. ஏதென்சு நகரின் அவையில் அஞ்சாமல் பேசும் குடிமகனின் உரிமையைக் குறித்த சொல் அது. அடிமைக்கு அவ்வுரிமை இல்லை. அருளின் அரியணையைத் துணிவோடு அணுகச் சொல்லும் எபிரேயர் திருமுகம் அச்சொல்லையே ஆள்கிறது. நம் 'மன்றாட்டு' எனும் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறெங்கும் இல்லை. திருப்பலியில் ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தொடங்குமுன், அதைச் சொல்லத் துணிகிறோம் என்றே இலத்தீன் வழிபாடு அறிக்கையிடுகிறது. கடவுளைத் தந்தை என்றழைப்பதே ஒரு துணிவு. பிச்சைக்காரன் வாசலில் நிற்கிறான். பிள்ளையோ வீட்டுக்குள் நின்று கேட்கிறான். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் செபத்தைப் போராட்டம் என்றே அழைத்து, அதற்கென ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியுள்ளது.

நம் மண்ணுக்கு இது அயலான படிப்பினையன்று. கிண்டிக்கு வடக்கே சின்னமலை, தென்மேற்கே பரங்கிமலை. சின்னமலைக் குகையில் திருத்தூதர் தோமா மறைந்திருந்து செபித்தார், கி.பி. 72இல் பரங்கிமலையில் குருதி சிந்தினார் என்பது வழிவழியாக வரும் மரபு. பரங்கிமலையில் 1523இலும் சின்னமலையில் 1551இலும் போர்த்துக்கீசியர் ஆலயம் எழுப்பினர். இவ்விரு குன்றுகளிலும் நாம் நினைவுகூரும் தோமா யார்? 'சந்தேகத் தோமா' என்று மறைக்கல்வி வகுப்பில் அவருக்குப் பட்டம் சூட்டிவிட்டோம். நற்செய்தியை மீண்டும் வாசியுங்கள். இறுதி இராவுணவின்போது மற்றவர்கள் புரிந்ததுபோல் அமர்ந்திருக்க, வழி எங்களுக்குத் தெரியாதே என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்விக்கு மறுமொழியாகவே, தாமே வழியும் உண்மையும் வாழ்வும் என்று ஆண்டவர் வெளிப்படுத்தினார். உயிர்த்தபின் காயங்களைக் காணவேண்டும், தொடவேண்டும் என்று கேட்டார். எட்டு நாள்களுக்குப்பின் ஆண்டவர் வந்தார். கடிந்துகொண்டாலும், கேட்டதை மறுக்கவில்லை. கைகளைக் காட்டினார், விலாவைக் காட்டினார். கேட்கத் துணிந்தவரின் வாயிலிருந்தே நற்செய்தி நூலின் மிக உயர்ந்த விசுவாச அறிக்கை வந்தது. இவருடைய மலையடியில் வாழும் நாம் கேட்க வெட்கப்படலாமா?

மறுப்புரைகளும் உண்டு. பிதற்ற வேண்டாம், கேட்குமுன்னரே தந்தை அறிவார் என்று ஆண்டவரே மொழிந்திருக்கிறாரே என்பர் சிலர். அவர் தடுத்தது, சொற்களின் மிகுதியால் கடவுளை வளைக்கலாம் என்ற எண்ணத்தை; விடாமல் கேட்பதையன்று. உரோமை வீழ்ச்சிக்குப்பின் ஆப்பிரிக்காவில் அடைக்கலம் புகுந்த புரோபா என்ற கைம்பெண்ணுக்குப் புனித அகுஸ்தினார் எழுதிய மடலில் இதை விளக்குகிறார். நம் தேவையைக் கடவுளுக்கு அறிவிப்பதற்காக நாம் செபிப்பதில்லை. அவர் தரவிருப்பதைக் கொள்ளும் அளவுக்கு நம் ஆவல் விரிவடையவே செபிக்கிறோம் என்பது அவர் கருத்து. கடவுளின் திட்டத்தை மாற்றுவதற்கன்று, செபத்தின் வழியாக நிறைவேறவேண்டும் என்று அவர் திட்டமிட்டதைப் பெறுவதற்கே செபிக்கிறோம் என்று தோமா அக்குவினாஸ் கூறுவதும் இதனோடு ஒத்ததே. அப்படியானால் இறைத்திட்டத்தில் நம் மன்றாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அதை வெறுமையாக விட்டுவிட நமக்கு உரிமையில்லை.

கேட்டும் கிடைக்காவிட்டால்? தம் உடலில் தைத்த முள் நீங்க வேண்டுமென்று பவுல் மூன்று முறை கேட்டார், முள் நீங்கவில்லை. ஆனால் அவருக்கு மறுமொழி கிடைத்தது: அருள் போதும் என்ற மறுமொழி. அம்மறுமொழியை ஆண்டவர் பவுலிடம் சொன்னார். பக்கத்து வீட்டார் சொல்லவில்லை. அழுகிறவருக்கு அந்த மறுமொழி வரும்வரை அவரோடு சேர்ந்து கேட்பதே நம் கடமை. ஆண்டவருடைய வாயிலிருந்து வரவேண்டியதை நாம் முந்திக்கொண்டு சொல்லலாகாது.

இனி, மிக முக்கியமான ஒன்று. அந்த உவமைக் கைம்பெண் கேட்டது என்ன? பொன்னன்று, மணமகனன்று, பதவியன்று. நீதி கேட்டாள். அவளை இன்றும் நம் ஊர்களில் காணலாம். கைம்பெண் ஓய்வூதியத்திற்காக வட்டாட்சியர் அலுவலகத்திற்கு நான்கு முறை நடக்கிறாள். ஒருமுறை சான்று போதாது என்கிறார்கள்; மறுமுறை அதிகாரி இல்லை என்கிறார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மீண்டும் மனுவோடு நிற்கிறாள். அவளுக்குச் செபிக்கக் கற்றுத்தர நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அவளிடமிருந்து நாம் கற்க வேண்டும்.

கைம்பெண்ணின் வழக்கைப் போன்ற ஒரு வழக்கு நம் திருச்சபைக்கே உண்டு. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து சமயத்தவர் அல்லாத எவரும் பட்டியலினத்தவர் ஆகார் என்று தன் மூன்றாம் பத்தியில் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 2007இல் அப்பத்தியை நீக்குமாறு இரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் பரிந்துரை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மக்கள் கதவைத் தட்டுகின்றனர். நாமோ ஆகஸ்ட் 10ஆம் நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து, அதையொட்டிய ஒரு ஞாயிறு மன்றாட்டில் ஒரு வரி சேர்த்து, மறு ஞாயிறே மறந்துவிடுகிறோம். இது விடாப்பிடியா?

ஏன் மறக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துணிந்து கேட்பவனுக்குக் கை சுத்தமாயிருக்க வேண்டும். குருதி படிந்த கைகளை நீட்டிச் செபிப்போருக்குச் செவிகொடேன் என்று எசாயாவின் வாயிலாக ஆண்டவர் கூறினார். திருச்சபைக்குள்ளும் தலித் மக்கள் ஒதுக்கப்படுகின்றனர் என்பதை 2016இல் இந்திய ஆயர் பேரவை தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் எழுப்பியவன், தேர்ப்பவனி எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்று தீர்மானிப்பவன், மன்றத்தில் எந்தப் பக்கம் நிற்கிறான்? கைம்பெண்ணின் பக்கத்திலா, அவளுடைய எதிராளியின் பக்கத்திலா? நீதிக்காக உரக்கச் செபித்தால் அந்தச் செபம் நம் மீதே வழக்காகத் திரும்பும். அந்த அச்சமே நம் குரலைத் தாழ்த்துகிறது.

ஆகவே பங்குப் பேரவைகளுக்கும் அன்பியங்களுக்கும் எளிய வேண்டுகோள் ஒன்று வைக்கிறேன். அச்சிட்ட மன்றாட்டுகளோடு நம் ஊரின் உண்மையான குறை ஒன்றைச் சேருங்கள்: அடைக்கப்பட்ட பாதை, நிறுத்தப்பட்ட ஓய்வூதியம், பிரிக்கப்பட்ட கல்லறை. அது தீரும்வரை, ஞாயிறுதோறும், அதே மன்றாட்டைச் சொல்லுங்கள். சலிப்பு வரும், வரட்டும். வாரநாள்களில் அதற்காக ஒருமுறையேனும் நடந்து சென்று எவரிடமேனும் கேளுங்கள். கால் அசையாத மன்றாட்டை அந்தக் கைம்பெண் மன்றாட்டென்று ஏற்கமாட்டாள். வீட்டில் நோயாளி இருந்தால் அவர் குணமாகவேண்டும் என்று வெட்கமின்றிக் கேளுங்கள். மருத்துவரிடமும் கேளுங்கள், ஆண்டவரிடமும் கேளுங்கள். நன்றியும் புகழ்ச்சியும் தாமே வரும்.

அக்கைம்பெண்ணின் உவமையை ஆண்டவர் ஒரு கேள்வியோடு முடிக்கிறார். கடவுள் செவிசாய்ப்பாரா என்பது அவருக்கு ஐயமன்று. விரைவில் நீதி வழங்குவார் என்று உறுதி கூறிவிட்டார். மானிட மகன் வரும்போது மண்ணுலகில் விசுவாசத்தைக் காண்பாரா என்பதே அவர் கேள்வி. தட்டுகிறவர்கள் அப்போதும் கதவருகே நிற்பார்களா, வீடு திரும்பியிருப்பார்களா என்று கேட்கிறார். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.